பிரெடெரிசியாவில் என் கதிரை

முதல் இடைவேளை அறிவித்ததும் மேசையில் இருந்த எட்டுப் பேரும் எழுந்து போனார்கள். போனதில் புதினம் ஒன்றுமில்லை. தங்கள் போக்கர்ச் சில்லுகளை அப்படியே குவித்து வைத்துவிட்டுப் போனதுதான் புதினம். சிவப்பும் பச்சையும் கறுப்புமாக ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் ஒரு குவியல். மூடி இல்லை, பூட்டு இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. தொப்பி போட்டிருந்த ஒருவர் தன் கைத்தொலைபேசியையும் கறுப்புக் கண்ணாடியையும்கூடச் சில்லுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் மட்டும் எழும்பவில்லை. என் குவியலுக்கு முன்னால் இரண்டு கையையும் அணை போல வைத்துக்கொண்டு இருந்தேன். சீட்டுப் போடும் பெண், "பதினைந்து நிமிடம் பவுஸ், நீங்கள் போகலாம்" என்றாள். "பரவாயில்லை, இருக்கிறேன்" என்றேன். எனக்குக் கால் ஏலாது என்று அவள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஓடிப்போய் ஒரு கோப்பி கொண்டுவந்து தந்து, மெதுவாகக் குடியுங்கள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் அந்தக் கோப்பியைக் குடித்தபடி, என் சில்லுகளோடு சேர்த்து மற்ற எட்டுப் பேருடையதையும் காவல் காத்தேன்.

இந்த நாட்டில் முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் இந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து போய் ஏழு மாதம் கழித்து வீடு திரும்பியபோது எங்கள் வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. விட்டுவிட்டுப் போன சாமான் திரும்பி வரும்போது அதே இடத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு மனிதருக்கு ஒரு பயிற்சி வேண்டும். டேனிஷ்காரருக்கு அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது. எனக்கு டேனிஷ் மொழிகூட வந்துவிட்டது, இதுதான் வரவில்லை.

நான் இருந்தது பிரெடெரிசியாவில் ஒரு ஹோட்டல் மண்டபம். யூன் மாதத்துச் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. இருபதுக்கு மேற்பட்ட முட்டை வடிவ மேசைகள். மேசைக்கு ஒன்பது பேர். காலையில் இக்காஸ்டில் ரயில் ஏறி, ஹெர்னிங்கில் மாறி, வைலவில் இன்னொரு முறை மாறி வந்து சேர்ந்தேன். வாசலில் என் அடையாள அட்டையைப் பார்த்து ஒரு துண்டுக் கடதாசி தந்தார்கள். அதில் என் பெயர், மேசை பதினான்கு, கதிரை ஆறு. செல்வமலர் என்று முழுப்பெயரையும் ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சடித்திருந்தார்கள். அந்தத் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சூது என்று இப்போதே முகத்தைச் சுழிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சில்லுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு றாத்தல் பாணும் வாங்க முடியாது. எல்லாருக்கும் சம அளவில் தருகிறார்கள். அது முடிந்தால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். எழும்பாமல் நாள் முடியும் வரைக்கும் இருக்கிறவர்கள் மறுநாள் வந்து தொடர்ந்து விளையாடலாம். ஹெர்னிங்கில் ஒரு சங்க மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் போக்கர் விளையாடும் கூட்டத்தில் நான் இருக்கிறேன். அங்கே வசந்தகாலம் முழுக்க விளையாடி நான் வென்ற பரிசுதான் இந்தக் கதிரை. விளையாட்டு மிகச் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, ஒவ்வொன்றாக விரியும். ஏழில் நல்ல ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவர் வென்றார். ஆனால் எந்த நிமிடத்திலும் யாரும் தன்னிடம் இருக்கிற அத்தனை சில்லையும் நடுவில் தள்ளி, "ஓல் இன்" என்று சொல்லலாம். எல்லை கிடையாது. அப்போது மற்றவர் தானும் அவ்வளவு போடுவதா, விலகுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் சீட்டு விளையாட்டு முடிந்து ஆள் விளையாட்டுத் தொடங்குகிறது.

எங்கள் ஆட்களுக்குச் சீட்டு என்றால் முந்நூற்று நாலு. யாழ்ப்பாணத்தில் நால்வர் கூடினால் அது, ரொறொன்ரோவில் கூடினாலும் அது, இக்காஸ்டில் எங்கள் வரவேற்பறையில் கூடினாலும் அதுதான். நான்கு பேர், இரண்டு சோடி. எதிரே இருக்கிறவர் உங்கள் ஆள். ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல், அதற்கடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் அதற்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். இரண்டிலிருந்து ஆறு வரையான சின்னச் சீட்டுகளுக்கு அந்த விளையாட்டில் இடமே இல்லை. சீட்டுக் கட்டை வாங்கியதும் அந்த இருபதையும் உருவி எடுத்து ஒதுக்கிவிட வேண்டியதுதான். எங்கள் வீட்டிலும் அந்த இருபதும் ரப்பர் வளையம் போட்டு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், ஊசி நூலோடு கிடந்தன.

ஊரில் என் இரண்டு அண்ணன்மாரும் பக்கத்து வீட்டுப் பெடியன்கள் இருவரும் ஊரடங்கு நாட்களில் காலையிலிருந்து விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் இருந்து விளையாடுவது வழக்கமில்லை. ஆனால் நாலாவது ஆள் வராவிட்டால் வழக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். "மலர், கை குறையுது, வா" என்று கூப்பிடுவார்கள். நான் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். ஒருநாள் என் கையில் துரும்பு ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தன. அப்படி ஒரு கை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம். ஏலம் கேட்டு, மற்ற இனங்களை வெட்டுகிற துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, முதல் சீட்டைப் போடுகிற நேரம் பார்த்து நாலாவது ஆள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "எழும்பு, வந்திட்டான். நீ களைச்சுப் போவாய், போய் இரு" என்றார் அண்ணை. நான் சீட்டுகளை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு எழும்பினேன். அவர் அந்தக் கையை வைத்து வென்றார். எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள். நான் குசினிக்குள் கரிந்த கத்தரிக்காயைக் கிளறிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பெரிய துயரம் ஒன்றுமில்லை, நாட்டில் அதைவிடப் பெரிய துயரங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் எனக்கு அது மறக்கவில்லை.

போக்கரை நான் படித்தது இக்காஸ்டில், உடுப்புத் தொழிற்சாலையில். நான் இஸ்திரி போடும் பகுதி. எங்கள் ஷிப்டில் கியர்ஸ்டன் என்று ஒருத்தி, என் வயதுதான், சாப்பாட்டு இடைவேளையில் றொட்டியைக் கடித்தபடி சீட்டைப் பரப்புவாள். சில்லுக்குப் பதிலாகத் தையல் பகுதியில் கழிவாய்ப் போன பொத்தான்கள். முதல் நாள் என்னிடம் ஒரு சோடி ஜாக் இருந்தது. கியர்ஸ்டன் ஒரு சோடி ராசாவைக் காட்டினாள். நான் பொத்தான் குவியலை என் பக்கம் இழுத்தேன். அவள் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பேரும் ஒரே குவியலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், கொஞ்ச நேரம் நல்லாய்ச் சண்டை பிடித்தோம். ஜாக்கை விட ராசா பெரிது என்பதை அவள் சுவரில் இருந்த தன் நாட்டு அரச குடும்பப் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். பிறகு தொழிற்சாலை வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நான் படித்து முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தேன். கியர்ஸ்டன் தான் பின்னாளில் என்னை அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த இல்ல வேலைதான் எனக்குச் சீட்டில் கை கொடுக்கிறது என்றால் நம்பமாட்டீர்கள். என் பொறுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேருக்குப் பேச்சுப் போய்விட்டது. எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது. போர்வையில் விரல் எப்படி இருக்கிறது, மூச்சு எந்த இடத்தில் நிற்கிறது, கழுத்து எந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம். பதினைந்து வருடம் அதைச் செய்தவளுக்கு, தொப்பிக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? அவருக்கு நல்ல சீட்டு வந்தால் பெருவிரல் மேசை விளிம்பில் அமைதியாகிவிடும். பொய் சொல்லும்போது அது மெல்லத் தேய்க்கும். இரண்டு மணிநேரத்தில் அவருடைய சில்லுகளில் மூன்றில் ஒரு பங்கு என் பக்கம் வந்திருந்தது. கம்பளிச் சட்டையும் பொட்டுமாக இருக்கிற ஒரு பெண் வெறுங்கையை வைத்துக்கொண்டு தள்ளமாட்டாள் என்று மேசையில் எல்லாரும் நினைத்தார்கள். நான் ஏழும் மூன்றும் வைத்துக்கொண்டு தள்ளினேன். எல்லாரும் சீட்டை மடித்துப் போட்டு விலகினார்கள். எனக்கு அதில் வந்த சந்தோசத்தை மறைக்கக் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டேன்.

முதல் இடைவேளைக்குப் பிறகு வேறு மேசைகள் கலைந்து, எங்கள் மேசையில் ஒருவர் தோற்று எழும்பிய இடத்துக்கு ஒரு புது ஆள் எனக்கு நேர் எதிரே வந்து இருந்தார். முப்பது வயதுப் பெடியன், தலையில் பெரிய ஹெட்போன். அவர் வந்ததும் நடுவில் விரிந்த சீட்டைப் பார்த்து நான் வாய்க்குள்ளே "சனியனே" என்று முணுமுணுத்துவிட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம் தம்பி, நீங்கள்?"

"சென்னை. ஐ.டி.ல இருக்கேன், வீடு இஷொய். பேரு கார்த்திக். போக்கர் டேபிள்ல தமிழ் கேக்கிறது இதான் ஃபர்ஸ்ட் டைம்க்கா."

சீட்டுப் போடும் பெண் விரலால் மேசையைத் தட்டினாள். சீட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டேனிஷ் அல்லது ஆங்கிலம் மட்டும். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வாயை மூடிக்கொண்டோம்.

நாலரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. இந்தமுறை சில்லுகளை விட்டுவிட்டுப் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழும்பினேன். ஆனாலும் வாசலிலிருந்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மனிசன் யோகனின் சனிக்கிழமைச் சீட்டுக் கூட்டத்துக்காக ரோல்ஸ் பொரித்திருந்தேன். அதில் ஆறை எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். கார்த்திக் கையில் ஒரு வாழைப்பழம் மட்டும் இருந்தது. விடுவேனா? நாலு ரோல்ஸ் கொடுத்தேன். கண்ணில் நீர் வர வரச் சாப்பிட்டார்.

"காரம் செமயா இருக்குக்கா. எங்கம்மா கட்லெட்தான் செய்வாங்க. இது வேற லெவல்."

"வடிவாச் சாப்பிடுங்கோ. மெலிஞ்சு போய் இருக்கிறியள்."

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க எந்தக் கணக்கு வச்சு கால் பண்றீங்க? நான் ஒவ்வொரு ஹேண்டும் பெர்சன்டேஜ் போட்டுத்தான் ஆடறேன். நீங்க ஆளைப் பாத்துட்டு சில்லைப் போடறீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை, நன்றாகவே பெருமையாக இருந்தது.

பிழை நடந்தது அதற்குப் பிறகு, ஒரு மணிநேரத்துக்குள். எனக்கு ஆட்டினில், அதாவது சிவப்பு இதய இனத்தில், ஆசும் ஒன்பதும் வந்தன. நடுவில் விரிந்த ஐந்தில் மூன்று ஆட்டின். ஐந்தும் ஒரே இனம், மேலே ஆசு. அந்த மேசையில் அதை வெல்லக்கூடிய சீட்டு எதுவுமே இருக்க முடியாது. மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள். மிஞ்சியது கார்த்திக்கும் நானும். கார்த்திக்கிடம் மிகக் கொஞ்சச் சில்லுகள்தான் இருந்தன. ஏதோ ஒரு சோடி வைத்திருக்கிறார் என்று அவர் தோளிலேயே தெரிந்தது. நான் தள்ளினால் அவர் வருவார், வந்தால் வெளியே போவார். அவர் மேசையைத் தட்டி, தான் ஒன்றும் போடவில்லை என்றார். இப்போது என் முறை, கடைசி முறை. என்னுடைய ரோல்ஸைத் தின்ற வாயில் இன்னும் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. எதிர்க் கதிரையில் வேறு இருக்கிறார், முந்நூற்று நாலில் எதிர்க் கதிரை என்றால் நம்முடைய ஆள். மனம் ஒன்றும் யோசிக்கவில்லை, கைதான் முடிவு செய்தது. நானும் மேசையைத் தட்டினேன். ஏற்கனவே நடுவில் இருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன், மிச்சத்தைப் பிள்ளை வைத்திருக்கட்டும். எந்த வீட்டிலும் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதைதானே?

இருவரும் சீட்டைத் திருப்பினோம். தொப்பிக்காரர் என் சீட்டையும் கார்த்திக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "ஸ்னுய்" என்றார். ஏமாற்று என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்கு விளங்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சீட்டுப் போடும் பெண் கையை உயர்த்தினாள். மண்டபப் பொறுப்பாளர், நரைத்த கட்டைமயிரும் நெடிய உருவமுமான ஒரு பெண், வந்து நின்றார்.

"நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அறிவீர்களா?"

"ஓம், அறிவேன்" என்றேன் நான். பொய் சொல்லத் தெரியாது.

"எவ்வளவு காலமாக?"

"சாப்பாட்டு இடைவேளையிலிருந்து."

ஒருவர் சிரித்தார். பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

"யாராலும் தோற்கடிக்க முடியாத சீட்டை வைத்துக்கொண்டு கடைசி ஆளாக ஏன் ஒன்றும் போடவில்லை?"

"அவர் என்னுடைய சாப்பாட்டைச் சாப்பிட்டவர்" என்றேன்.

இதைத் தமிழில் சொன்னால் அது ஒரு முழுப் பதில். டேனிஷில் அது குற்ற ஒப்புதல் போலக் கேட்டது. பொறுப்பாளர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "இங்கே ஒவ்வொருவரும் தனியாகத்தான் விளையாட வேண்டும். நீங்கள் ஒருவரைக் காப்பாற்றினால் மற்ற ஏழு பேருக்கும் அநியாயம் செய்கிறீர்கள்" என்றார். தண்டனை, ஒரு சுற்று முழுக்க மேசைக்கு வெளியே. கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னார்கள். நான் இல்லாமலேயே சீட்டு ஓடும். என் முறைக்குப் போட வேண்டிய கட்டாயச் சில்லுகளை என் குவியலிலிருந்து அவர்களே எடுத்துப் போடுவார்கள். அதுவே முதலும் கடைசியும், இன்னொரு தரம் நடந்தால் போட்டியிலிருந்தே வெளியே.

நின்றேன். என் கதிரை வெறுமையாக இருந்தது, என் சில்லைப் பிறத்தியார் கை எண்ணி எடுத்தது. பகல் முழுக்க எதை நடக்கவிடாமல் காவல் இருந்தேனோ, அது என் கண்முன்னே சட்டப்படி நடந்தது. ஆனால் அதைவிட அந்த ஒரு சொல்தான் எரிந்தது. இந்த நாட்டில் முப்பது வருடம் வேலை செய்து, பிந்திப் போகாமல், ஒருவருடைய பேனாவையும் எடுக்காமல் இருந்தவளை ஒரு மண்டபம் முழுக்கக் கள்ளி என்று பார்க்கிறது. பாட்டுப் பெட்டியை நிறுத்தியது போல மண்டபமே எனக்குக் கேட்காமல் போனது. அந்த நேரம் பார்த்து யோகன் தொலைபேசியில் வந்தார்.

"இஞ்சாரும், எப்ப முடியும்? ரவி வரேல்லை. தவமண்ணையும் பாலாவும் வந்து இருக்கினம். கை குறையுது."

"எனக்கு இஞ்சை இன்னும் முடியேல்லை."

"சரி சரி. அவையளுக்கு நீர் வேலைக்குப் போட்டீர் எண்டு சொல்லியிருக்கிறன். வந்தாப் போலை வாயைக் குடுத்திடாதையும்."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"வேறை என்னெண்டு சொல்லுறது? மனிசி போக்கர் அடிக்கப் போட்டா எண்டோ?"

வைத்துவிட்டேன். வெட்கம், கோபம், அழுகை மூன்றும் ஒன்றாக வந்தால் அதற்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை. ஒரு பக்கம் ஆட்கள் என்னைக் கள்ளி என்கிறார்கள், மற்றப் பக்கம் என் சொந்த மனிசன் என்னை ஒளித்து வைக்கிறார். இந்த நாள் முடியும் வரைக்கும் அந்தக் கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அந்தக் கயிற்றடியில்தான். பரிசுக்காக இல்லை. யாரும் "எழும்பு" என்று சொல்ல முடியாத ஒரு கதிரை என் பெயரில் அச்சடித்துக் கிடக்கிறது. அதை நான் இருந்து காட்ட வேண்டும்.

தன் சீட்டை மடித்துப் போட்டுவிட்டுக் கார்த்திக் கயிற்றடிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். முகம் கறுத்திருந்தது.

"அக்கா, ஏன் அப்படிப் பண்ணீங்க? நான் என்ன குழந்தையா?"

"தம்பி, நீங்கள் போயிடுவியள் எண்டுதான்..."

"போனா போறேன்க்கா. நீங்க அடிச்சு நான் வெளிய போனா அது எனக்கு மரியாதை. நீங்க பாவம் பாத்து விட்டா, நான் இங்க உக்காந்திருக்கிறதுக்கே அர்த்தம் இல்ல. அடுத்த வாட்டி அடிங்க. ப்ளீஸ்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரும்பு ஜாக்கும் ஒன்பதும் கையில் இருக்க என்னை எழுப்பிவிட்ட அன்றைக்கு, அண்ணையும் பாவம் பார்த்துத்தான் சொன்னார்: "நீ களைச்சுப் போவாய், போய் இரு." அன்பாகத்தான் சொன்னார். நான் அதே அன்பைத்தான் கொண்டுவந்து இந்தப் பெடியனுக்குக் கொடுத்திருக்கிறேன். தனியாக விளையாட வேண்டும் என்று அந்த நரைத்த பெண் சொன்னபோது, எவ்வளவு ஈரமில்லாத சனம் என்று நினைத்தேன். எதிரே இருப்பவனைத் தன்னோடு சரிசமமாக எண்ணுகிறவன்தான் அப்படி விளையாட முடியும் என்று அந்தக் கயிற்றடியில் விளங்கியது. எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். விளங்கியது.

சுற்று முடிந்து கதிரைக்குப் போனேன். தொப்பிக்காரர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் தலைகுனியவில்லை. "நான் செய்தது பிழை, இனி நடக்காது" என்று மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி டேனிஷில் சொல்லிவிட்டு இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மணிநேரத்துக்கு மேலாக நான் விளையாடியது போல வாழ்நாளில் விளையாடியதில்லை. வீணாக ஒரு சில்லும் போடவில்லை. பெருவிரலைப் பார்த்தேன், மூச்சைப் பார்த்தேன். போனது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கார்த்திக்கும் எப்படியோ தன் சின்னக் குவியலை இரண்டு தரம் இரட்டிப்பாக்கி, கிட்டத்தட்ட என் அளவுக்கு வந்துவிட்டார்.

சுவரில் பெரிய கடிகாரம் நாள் முடிய இருபது நிமிடம் என்று காட்டியது. எனக்குச் சீட்டு வந்தது. நுனியை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஜாக். அடுத்தது, ஜாக்.

கார்த்திக் தன் முழுக் குவியலையும் நடுவில் தள்ளினார். "ஓல் இன்."

போக்கர்காரருக்கு ஜாக் சோடி என்றால் யோசனைதான். நல்ல சீட்டுத்தான், ஆனால் ராணியும் ராசாவும் ஆசும் அதற்கு மேலே இருக்கின்றன. பலர் முழுவதையும் அதில் வைக்கத் துணியமாட்டார்கள். எனக்கும் கணக்குத் தெரியும். இதில் தோற்றால் என்னிடம் மிஞ்சுவது ஒரு பிடி சில்லு, அதோடு அடுத்த சுற்றில் எழும்ப வேண்டியதுதான். தொப்பிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுப் போடும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இந்தமுறையும் விடுவாளா என்று மேசை முழுக்கக் காத்திருந்தது. கார்த்திக்கின் தோள் உயர்ந்திருந்தது, மூச்சு மேலே நின்றது. பெரிய சீட்டு இரண்டு, ஆனால் சோடி இல்லை. கியர்ஸ்டன் எத்தனை தரம் அரச குடும்பத்தைக் காட்டினாலும், எனக்கு ஜாக்கை விடப் பெரிய சீட்டு உலகத்தில் இல்லை.

"வாறன்" என்றேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, டேனிஷில் திரும்பச் சொன்னேன்.

அவர் ஆசும் ராசாவும் காட்டினார். நான் இரண்டு ஜாக்கையும் விரித்து வைத்தேன். ஐந்து சீட்டும் ஒவ்வொன்றாக விரிந்தன. நாலு, பத்து, இரண்டு, ஏழு. கடைசியில் ஆசோ ராசாவோ விரிந்தால் அவர் வெல்வார். அந்தச் சீட்டு விரிகிறபோது நான் கண்ணை மூடவில்லை. ஆறு.

கார்த்திக் எழும்பினார். இங்கே தோற்றவர் போகும்போது மேசையில் எல்லாருக்கும் கை கொடுத்து, விளையாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது வழக்கம். மற்ற ஏழு பேருக்கும் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கை கொடுக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"சூப்பரா ஆடினீங்கக்கா. இப்பதான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

"மிச்ச ரோல்ஸ் பெட்டிக்குள்ளை கிடக்கு தம்பி. ரயிலிலை சாப்பிடுங்கோ" என்றேன். தொப்பிக்காரர் விரல் முட்டியால் மேசையை இரண்டு தரம் தட்டினார். நல்ல விளையாட்டு என்பதற்கு அவர்களுடைய அடையாளம் அது. பிறகு தன் கதிரையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டார்.

ஏழரை மணிக்கு நாள் முடிந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை தந்தார்கள். சில்லுகளை அதில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், நாளைக்கு அதே பை வரும். செல்வமலர் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பையை வாங்கியது அந்த நரைத்த பொறுப்பாளர்தான். ஒரு கணம் என் விரல் பையை விடவில்லை. "நாளைக்கு இருக்கும்" என்றார் அவர். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். விட்டேன். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் தரம்.

ரயிலில் ஓகூஸில் இருக்கும் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "டு எ சாய், மோர்" என்று பதில் வந்தது. நீ கெட்டிக்காரி அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் தமிழில் எழுதமாட்டாள், அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இக்காஸ்டில் இறங்கியபோது ஒன்பதரை மணி. யூன் மாதத்தில் இங்கே அது இன்னும் பின்னேரம்தான், வெயில் முழுதாய்ப் போகவில்லை. வரவேற்பறையில் யோகனும் தவமண்ணையும் பாலாவும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். முப்பத்திரண்டு சீட்டு நடுவில் கலைக்காமல் கிடந்தது. தட்டில் ரோல்ஸ் முடிந்திருந்தது.

"என்ன மச்சாள், இண்டைக்கு டபிள் வாக்தோ?" என்றார் தவமண்ணை. வாக்த் என்றால் வேலை முறை. யோகன் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"வேலை இல்லை அண்ணை. பிரெடெரிசியாவிலை போக்கர்ப் போட்டி. விளையாடப் போனனான். நாளைக்கும் போறன்."

தவமண்ணைதான் முதலில் சுதாரித்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு. கை பழகித்தானே இருக்கும். வாங்கோ, ஒரு கை குறையுது."

எத்தனை வருடம் அந்தச் சொல்லுக்காக அடுப்பை விட்டு ஓடியிருக்கிறேன். சட்டைப்பையில் இருந்த துண்டுக் கடதாசியை எடுத்து மேசையில், அந்த முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இல்லை அண்ணை. எனக்கு நாளைக்கு என்ரை கதிரை இருக்கு."

யோகன் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். பெயரை, மேசையை, கதிரையை. அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். பிஸ்கட் தகரம் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ரப்பர் வளையம் போட்ட அந்த இருபது சீட்டும் இருந்தன. வளையத்தைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மேசையில் கிடந்த முப்பத்திரண்டையும் அள்ளி, இருபதோடு சேர்த்து, போக்கருக்கு வேண்டிய முழுக் கட்டாக என் கையில் தந்தார்.

"அடுத்த சனி திருப்பிப் பிரிக்க வேணும்" என்றார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

ஐம்பத்திரண்டும் என் கையில் கனமாக இருந்தன. கலைத்தேன். ஜாக்கும் இரண்டும் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. யோகனின் மணிக்கட்டில் அந்த ரப்பர் வளையம் அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது.